செம்பு வியாபாரமும் நம் சாமான் அறையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், காரைக்குடியில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்முடைய வீடுகளின் சாமான் அறைகளில் அடுக்கியிருக்கும் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பற்றியது. இதையும் ஒரு பிரசங்கத்திற்குப் பொருளாகக் கொள்ளலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். சிலி தேசத்து மலையில் வெட்டும் செம்பிற்கும், லண்டன் பட்டணத்தில் கூறும் விலைக்கும், சீன தேசத்து ஆலைகளின் பசிக்கும், செட்டிநாட்டு வளவு ஒன்றில் பூட்டிக்கிடக்கும் அண்டாவிற்கும் நேரான சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தை அறியாமையால் நம்மவர்க்கு ஆண்டுதோறும் பணநஷ்டமும், பணத்தினும் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்துகொண்டிருக்கின்றன.

வளவு பாகமாகும்போதும், பழைய வீட்டை இடிக்கும்போதும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் நாலு நாள் விடுமுறையில் வீட்டை ஒழுங்கு செய்யும்போதும், வாசலுக்கு ஒரு தராசு வருகிறது. தவலை, குடம், கங்காளம், கும்பா, குத்துவிளக்கு எல்லாம் ஒரே குவியலாக ஏறுகின்றன. "எல்லாம் பித்தளைதானே" என்ற ஒரே சொல்லில் விலை முடிந்துவிடுகிறது. மற்றொரு சாரார், "முன்னோர் வைத்தது, ஒரு சட்டுவம்கூடப் போகக்கூடாது" என்று பூட்டின்மேல் பூட்டிட்டு, பிறகு பத்து ஆண்டு அந்த அறையைத் திறப்பதில்லை. முதற்சாரார் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டாம் சாராரும் பார்க்கவில்லை. ஐந்தொகை எடுத்து வாழ்ந்த நாம் இந்த ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது தகுமா என்பதே நம் கேள்வி.

உலோகங்களின் இயல்பு

முதலில் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வோம். செம்பு தனி உலோகம். அதை உருக்க 1,085 பாகை வெப்பம் வேண்டும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். பித்தளையில் பொதுவாக நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு வரை செம்பும், மிச்சம் துத்தநாகமும் இருக்கும். கணீரென்று ஒலிக்கும் நல்ல வெண்கலத்தில் ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் உண்டு. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்லும் இரண்டு வேறு பொருள்களையும் பிரித்தறிய வேண்டும். பாத்திரத்திற்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது உடம்பிற்கு நஞ்சு.

துத்தநாகத்தைத் தனியே பிரித்தெடுப்பது எளிய காரியமன்று. 907 பாகையிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். உலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓடிப்போகும் அந்த ஆவியை மண்மூசைகளில் வடித்துக் குளிரச்செய்து உலோகமாக்கும் வித்தையை, இராஜஸ்தானத்தில் உதயப்பூருக்குத் தெற்கேயுள்ள ஜாவர் என்ற ஊரில், ஐரோப்பியர் அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பெருந்தொழிலாக நடத்தியிருக்கின்றனர். அங்கே உபயோகித்து எறிந்த மூசைகள் இன்றும் குன்றுபோலக் கிடக்கின்றன.

வெண்கலத்தின் பெருமையோ நம் தமிழ்நாட்டில் இன்னும் பழையது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டிக் கண்ட பொருள்களில் வெண்கலக் கலங்கள் பல உண்டு. அவற்றுள் வெள்ளீயம் மிகுதியாகச் சேர்ந்தவையும் இருந்தன. இத்தகைய வெண்கலம் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். கைதவறி விழுந்தால் நசுங்காமல் உடையும். பித்தளையோ ஒலி மந்தம், விழுந்தால் நசுங்கும். "வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல" என்று பழமொழி சொன்னவர் உலோகத்தின் குணம் அறிந்தே சொன்னார். இந்த ஓசை வேற்றுமையை நம் ஆச்சிமார் விரல் நுனியில் அறிவர். தராசுக்காரர் வரும்போது அவர்களைத்தான் முன்னே நிறுத்த வேண்டும். நாமோ பெரும்பாலும் பேரம் முடிந்த பிறகே அவர்களிடம் சொல்கிறோம்.

கடல் வழியே வந்த செம்பு

காவிரி நாட்டிலோ பாண்டிநாட்டிலோ பெருஞ்செம்புச் சுரங்கம் ஏதும் இல்லை. அப்படியிருக்க, இத்தனை கோயில் விக்கிரகங்களும் விளக்குகளும் வீட்டுப் பாத்திரங்களும் எவ்வாறு உண்டாயின? இவற்றிற்கு வேண்டிய உலோகத்தில் பெரும்பகுதி வியாபாரத்தினால் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளஸ் என்னும் கடற்செலவுக் குறிப்பில், முசிறி முதலிய துறைகளில் இறக்குமதியாகும் சரக்குகளுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் எண்ணப்பட்டிருக்கின்றன. மிளகு போயிற்று, செம்பு வந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற்கு வருவோம். துனிசியா தேசத்தில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வர்த்தகர் 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பக்கத்தில் தங்கி வாணிகம் செய்தார். அவருடைய கடிதங்கள் எகிப்து தேசத்துக் கெய்ரோ நகரத்தில் ஒரு தொழுகைக்கூடத்தின் காகித அறையில் எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்டுக் கிடைத்தன. அவற்றால் அறிவது என்னவென்றால், ஏடன் துறைமுகத்து வர்த்தகர்கள் செம்பையும் ஈயத்தையும் உடைந்த பழம் பாத்திரங்களையும் கப்பலேற்றி இவருக்கு அனுப்புவார்கள். இவர் தம் பட்டறையில் நம் நாட்டுக் கன்னார்களைக் கொண்டு தட்டும் கிண்ணமும் விளக்கும் வார்ப்பித்து, எடையும் கூலியும் கணக்கெழுதித் திருப்பி அனுப்புவார். உடைந்த பாத்திரம் கடல்கடந்து வந்து புதுப்பாத்திரமாகிக் கடல்கடந்து போயிற்று. அந்தக் கணக்கின் நேர்மையைப் படிக்கும்போது நம்மவருடைய பழைய பேரேடுகள் நினைவுக்கு வருகின்றன.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் நாகசாகித் துறைமுகத்தில் ஜப்பான் செம்பை வாங்கி, அதைக் கம்பிகளும் கட்டிகளுமாகச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து விற்று, அந்தப் பணத்தில் நம் நெசவாளர் துணிகளை வாங்கினர். நம் நாட்டில் அச்சிட்ட செப்புக் காசிலும் பாத்திரத்திலும் ஜப்பான் மலையின் செம்பு கலந்தது இப்படித்தான். தன் நாட்டுச் செம்பு வற்றிப்போகுமென அஞ்சிய ஜப்பான் அரசாங்கம் 1715-ல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலீஷ் கம்பெனியார் சீமையிலிருந்தே, கார்ன்வால் சுரங்கத்திலும் ஆங்கில்சி தீவிலும் வெட்டி ஸ்வான்சி நகரில் உருக்கிய செம்பை, இங்கே இறக்கலாயினர்.

1832-ல் பர்மிங்காம் நகரத்து ஜார்ஜ் மன்ட்ஸ் என்பவர் 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்த மலிவான கலப்புக்குக் காப்புரிமை பெற்றார். கப்பலின் அடிப்புறத்தில் போர்த்துவதற்கென ஏற்பட்டது அது. பின்னர் இத்தகைய தகடுகள் நம் நாட்டிற்கும் கப்பல் கப்பலாக வந்தன. கட்டியை உருக்கி வார்த்தும் அடித்தும் பாத்திரம் செய்துவந்த கன்னார்கள் பலர், வந்த தகட்டை வெட்டி வளைத்து ஒட்டும் தொழிலுக்கு மாறினர். நம் வீடுகளிலே கனத்த வார்ப்புருளிகள் ஒருபுறமும், மெல்லிய தகட்டுக் குடங்கள் ஒருபுறமும் இருப்பதன் வரலாறு இதுவே. பிறகு 1898-ல் சென்னைக் கலாசாலையில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அதன்பின் எனாமலும், எவர்சில்வரும் வந்தன. அடுப்படியிலிருந்து பித்தளை பரணுக்கு ஏறியது.

மலேயா ஈயமும் லண்டன் தவணையும்

இனி நம்மவர்க்கு நேரே தொடர்புடைய பகுதி. வெண்கலத்திற்கு உயிர் வெள்ளீயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிற்கு வெள்ளீயம் வழங்கிய தேசங்களுள் மலேயா முதன்மையானது. பேராக் சமஸ்தானத்தில் தைப்பிங், ஈப்போ முதலிய ஊர்களில் சீனர்கள் மண்ணைக் கழுவி ஈயம் எடுத்தபோது, அத்தொழிலில் புரண்ட கடன் பணத்தில் நம்மவர் கிட்டங்கிகளிலிருந்து போனதும் உண்டு. கொண்டுவிக்கப் போனவர்கள் ஈயத்தைத் தாமே தோண்டவில்லை. தோண்டுவோர்க்கும் வாங்கி விற்போர்க்கும் முதல் கொடுத்தனர். அந்த மண்ணிலிருந்து வந்த ஈயம் ஈயச்சொம்பாகவும் பாத்திரப்பூச்சாகவும் வெண்கலத்தின் கலப்பாகவும் நம் பெண்களின் சீர்வரிசையிலே ஏறி வந்தது.

1877-ல் லண்டனில் உலோகச் சந்தை ஒன்று முறைப்படி ஏற்பட்டது. செம்பும் வெள்ளீயமும் அதன் முதற்சரக்குகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்று பேசிய விலைக்கு மூன்று மாதம் கழித்துச் சரக்கு ஒப்புவிக்கலாம். மூன்று மாதம் என்பது எப்படி வந்தது? சிலியிலிருந்து செம்புக் கப்பலும், சூயஸ் கால்வாய் வழியாக மலேயாவிலிருந்து ஈயக் கப்பலும் இங்கிலாந்து சேர ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. நடுக்கடலில் இருக்கும் சரக்கிற்கு இன்றே விலைகட்டி ஏற்ற இறக்கத்தினின்று தப்புவதற்காக அந்தத் தவணையை வைத்தனர். கப்பல் வேகம் மாறியும் தவணை மாறவில்லை. இன்றும் அச்சந்தையின் முக்கிய விலை மூன்று மாத விலையே. தவணை என்ற சொல்லின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

அச்சந்தையிலே பேராசைக்காரர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1887-ல் பாரிஸ் நகரத்து செக்ரெத்தான் என்பவர் உலகத்துச் சுரங்கங்களோடு ஒப்பந்தம் செய்து, செம்பு முழுவதையும் தம் கைக்குள் அடக்க முயன்றார். விலை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஆனால் விலை ஏறியவுடன் மூடிய சுரங்கங்கள் திறந்தன. வீடுகளிலும் பட்டறைகளிலும் கிடந்த பழஞ்செம்பெல்லாம் உலைக்கு வந்தது. வாங்கி வாங்கி மாளாமல் 1889 மார்ச்சு மாதத்தில் சங்கம் முறிந்தது. அதற்குக் கடன் கொடுத்த பெரிய பாங்கியும் உடன் விழுந்தது. நூறு ஆண்டு கழித்து, ஜப்பானில் சுமிதோமோ கம்பெனியின் செம்பு வியாபாரி ஹமானக்கா அதே வழியிலே நடந்தார். 1996-ல் வெளிப்பட்ட நஷ்டம் 260 கோடி டாலர். உலகத்துப் பழம் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்தால் எந்தக் கோடீசுவரனையும் தோற்கடிக்கும் என்பது செக்ரெத்தான் கதையினால் விளங்கும். இன்றும் உலகில் உபயோகமாகும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழையதை உருக்கியே கிடைக்கிறது. ஆகவே நம் சாமான் அறையும் தரைக்கு மேலுள்ள ஒரு சுரங்கமே.

இன்றைய நிலை

இன்று உலகில் ஆண்டுதோறும் வெட்டியெடுக்கும் செம்பு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் டன். அதில் நாலில் ஒரு பங்கு சிலி தேசத்தது. அதன்பின் காங்கோ, பெரு முதலிய தேசங்கள். சுத்திகரித்த செம்பில் பாதிக்கு மேல் சீன தேசத்து ஆலைகளுக்குச் செல்கிறது. மின்சாரம் ஓடும் இடமெல்லாம் செம்பு ஓடவேண்டும். மின்சார மோட்டார் வண்டி ஒன்றில் பெட்ரோல் வண்டியைப்போல மூன்று நான்கு மடங்கு செம்பு இருக்கிறது. எனவேதான் 2002-ல் டன் 1,600 டாலருக்கும் குறைவாக விற்ற செம்பு, 2011 பிப்ரவரியில் 10,000 டாலரைத் தாண்டியது. 2016 ஜனவரியில் 4,500-க்கும் கீழே விழுந்தது. 2024 மே மாதத்தில் முதன்முறையாக 11,000 டாலரைக் கடந்தது.

நம் தேசத்தில் இராஜஸ்தானத்துக் கேத்ரியிலும், மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்டிலும் சுரங்கங்கள் உண்டு. 1967-ல் ஏற்பட்ட சர்க்கார் கம்பெனியான இந்துஸ்தான் காப்பர் அவற்றை நடத்துகிறது. ஆனால் அவை தேவையில் சிறு பகுதிக்கே போதும். பெரிய உருக்காலைகள் வெளிநாட்டுத் தாதுவை நம்பியே நிற்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலிருந்த உருக்காலை ஆண்டிற்கு 4 லட்சம் டன் செம்பு செய்யும் வலிமையுடையது. தேசத்துச் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வந்தது. செம்புத் தாதுவில் கந்தகம் கலந்திருப்பதால், உருக்கும்போது கந்தகப் புகை எழும். அதை முற்றும் பிடித்துத் திராவகமாக்காவிடில் காற்று கெடும். அந்த ஆலையின் மாசு பற்றி ஊரார் ஆண்டுக்கணக்காக முறையிட்டனர். 2018 மே 22-ந் தேதி நடந்த ஊர்வலத்தைத் தொடர்ந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். அம்மாதம் 28-ந் தேதி மாகாண அரசாங்கம் ஆலையை மூட உத்தரவிட்டது. 2020-ல் சென்னை உயர்நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் திறக்க அனுமதி மறுத்தன. செம்பை ஏற்றுமதி செய்துவந்த நம் தேசம் ஆலை மூடிய ஆண்டு முதல் இறக்குமதியே மிகுந்த தேசமாயிற்று. செம்பு வேண்டும் என்பவன், அதன் புகை யார் வீட்டுக் கூரைமேல் விழும் என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவன். லாபத்தை ஓரிடத்திலும் நஞ்சை வேறிடத்திலும் வைத்து எழுதும் ஐந்தொகை பொய்யான ஐந்தொகை.

இதில் நம் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. சுரங்கச் செம்பைக் கம்பியாக இழுக்கத் தக்க சுத்தச் செம்பாக்குவது மின்சாரத்தைத் திராவகத்தில் செலுத்தும் இரசாயன முறையினாலேயாம். அந்தச் சாத்திரத்திற்கென்றே இந்தியா முழுமைக்கும் ஏற்பட்ட ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ந் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ந் தேதி டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். முன்னோர் உலோகத்தைப் பாத்திரமாக வைத்தார்கள். அழகப்பர் உலோகத்தைப் பற்றிய அறிவையே நம் ஊரில் வைத்துப் போனார்.

நம் வீட்டுக் கணக்கு

இனி வீட்டுக்கு வருவோம். 2024-ல் நிலவிய விலைகளை ஒட்டி, கணக்கிற்காகக் கிலோ ஒன்றுக்குச் செம்பு 9 டாலர், துத்தநாகம் 2 டாலர் 80 சென்ட், வெள்ளீயம் 30 டாலர் என்று கொள்வோம். 65 பங்கு செம்புள்ள பித்தளை ஒரு கிலோவில் அடங்கிய உலோகத்தின் விலை 7 டாலருக்குச் சற்றுக் குறைவு. 22 பங்கு ஈயமுள்ள வெண்கலம் ஒரு கிலோவில் அடங்கிய உலோகத்தின் விலை 13 டாலர் 60 சென்ட். ஏறக்குறைய இரு மடங்கு. உருக்கும் செலவும் அழுக்கும் கழிவும் போக வியாபாரி கொடுப்பது இதனினும் குறைவாகவே இருக்கும். பழைய வெண்கலத்தில் கலப்பு வேறுபடுதலும் உண்டு. ஆயினும் விகிதம் விகிதமே. "எல்லாம் பித்தளைதானே" என்ற ஒரு சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை பாதிக்குப் பாதி. அந்தப் பழம் பித்தளை அங்கிருந்து எங்கே போகிறது என்றும் பாருங்கள். குஜராத்து ஜாம்நகர் போன்ற ஊர்களின் பட்டறைகள் உலகமெங்குமிருந்து பழம் பித்தளையை வரவழைத்துத் திருகாணியும் குழாய்ப்பூட்டும் செய்கின்றன. மஞ்சள் பித்தளைக்கு உலகத் தரகர்கள் வைத்த குழூஉக்குறி "ஹனி", அதாவது தேன். விற்பவன் துருவென்று தள்ளியதை வாங்குபவன் தேனென்று அழைக்கிறான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைத்தால் லாபமா? அதுவும் இல்லை. 2002-ம் ஆண்டு முதல் 2024 வரை செம்பின் விலையேற்றத்தைக் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் டாலரில் ஆண்டிற்கு 8 சதவிகிதத்திற்குச் சற்று மேலாகும். ஆனால் 2011-ல் உச்சவிலைக்கு வாங்கி வைத்தவன் 2024-ன் சராசரி விலைக்கு விற்றால் 13 ஆண்டு காத்தும் முதலே குறைந்திருப்பான். செம்பு வட்டி ஈனாது. ஆகையால் முதலீடு என்று சொல்லிப் பாத்திரத்தைக் குவிப்பது விவேகமாகாது. கல்யாணத்திற்குக் கல்யாணம், பயன்படாத பாத்திரங்களை எண்ணிக்கைக்காக வாங்கிப் பரப்பிப் பெண்ணைப் பெற்றவரைக் கடனாளியாக்கும் வழக்கத்திற்கு இந்தக் கணக்கு ஒருபோதும் சாட்சி சொல்லாது.

ஒரு பாத்திரத்திற்கு மூன்று விலை உண்டு. எடைக்குள்ள விலை ஒன்று. உபயோகத்திற்குள்ள விலை மற்றொன்று. ஐம்பது பேருக்குச் சமைக்கும் உருளியைப் புதிதாக வார்க்கக் கூலியும் உலோகமும் என்னவென்று கேட்டால் அது தெரியும். மூன்றாவது, பழமைக்கும் வேலைப்பாட்டிற்கும் உள்ள விலை. இம்மூன்றாவது விலை இருப்பதனால்தான் இவ்வூர் முனீசுவரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக நடக்கின்றன. எங்கெங்கிருந்தோ வருவோர் அங்கே தேடி வாங்குகின்றனர். எடை விலைக்கு விற்றபின் மூன்றாம் விலையைக் கண்டு பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று. நம் பாத்திரங்களிற் பெரும்பாலானவற்றில் விலாச எழுத்துப் பொறித்திருக்கும். அது யாருடைய சொத்து என்பதற்கு அந்த எழுத்தே பத்திரம். கல்யாணத்தில் தந்தை வீட்டார் பரப்பி வைத்துச் சிட்டையில் எழுதி ஒப்புவித்த சாமான் பெண்ணுடைய சீதனம். புருஷனுக்கோ, புருஷன் வீட்டாருக்கோ, உடன்பிறந்தாருக்கோ அதை விற்க உரிமையில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டத்தின் 14-வது பிரிவு பெண்ணின் சொத்து அவளுக்கு முழு உரிமையென்று கூறுகிறது. 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் சீதனம் மனைவிக்கே உரியதென்று தீர்ப்பளித்தது. சட்டம் சொல்லும் முன்னரே நம் முறைச்சிட்டைகள் சொல்லிவிட்டன. அப்படியிருந்தும், பாகப்பிரிவினையில் ஆடவர்கள் கூடிப் பேசி, அப்பத்தாளின் பாத்திரத்தைப் புள்ளிக்கு இத்தனை கிலோவென்று பிரித்து விற்பதும், அவளுடைய மகளும் பேத்தியும் செய்தியைப் பின்னர் அறிவதும் நம் ஊர்களில் நடக்கவில்லையென்று யார் சொல்ல முடியும்? பணத்தினும் பெரிய நஷ்டமென்று தொடக்கத்தில் குறித்தது இதுவே.

பர்மாவை நினைத்துப் பாருங்கள். 1930-ல் தொடங்கிய விலைவீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. 1938-க்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நம்மவர் பேரில் நின்றது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மீது குண்டு விழுந்தது. ஏக்கர் கணக்கான நிலம் ஏட்டிலே நின்றது, கைக்கு வரவில்லை. அந்நாட்களில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது பெண்களுடைய நகையும் பாத்திரமும். ஆடவர் சம்பாதித்த பெருஞ்சொத்து கடலுக்கப்பால் கரைந்தபோது, இங்கே கைக்கெட்டியது சீதனமே. அந்த நன்றியை மறந்து, இன்று அவளைக் கேளாமலே தராசில் வைப்பது நியாயமாகுமா?

நாம் செய்யத்தக்கவை

ஆகையால் சங்கத்தாரின் ஆலோசனைக்குச் சில காரியங்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு புள்ளியும் தன் வீட்டுச் சாமானுக்குச் சிட்டை எழுத வேண்டும். பாத்திரத்தின் பெயர், உலோகம், எடை, விலாச எழுத்து, யாருடைய சீதனம் என்ற ஐந்தும் போதும். முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளை முழத்தாலும் விரலாலும் அளந்து கல்லிலே எழுதிவைத்தான். சக்கரவர்த்திக்கு இழிவாகாத வேலை நமக்கும் இழிவாகாது. பாத்திரத்தின் பெயர்களை இளையோர் மறந்துவருகின்றனராதலால், மூத்த ஆச்சிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது இரட்டை லாபம்.

இரண்டாவது, சீதனச் சாமானை உரியவளின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் விற்பதில்லையென்று வளவு தோறும் தீர்மானிக்க வேண்டும். உரியவள் காலஞ்சென்றிருந்தால் அவளுடைய பெண்மக்களை முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, விற்பதென்று முடிவானால் செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம் நான்கையும் தனித்தனியே பிரித்து, அன்றைய விலையைத் தெரிந்துகொண்டு, இரண்டு மூன்று பேரிடம் கேட்டு விற்க வேண்டும். நம் பிள்ளைகளின் கைப்பேசியில் லண்டன் விலையும் மும்பை விலையும் கணத்திலே வருகின்றன. விற்பது பாவமன்று. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் அடுக்குமாடியில் வாழ்வோர் ஐம்பது படி அண்டாவை எங்கே வைப்பர்? அவர்களைக் குறைகூறுவது அநியாயம். தெரிந்து விற்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நான்காவது, நூறு ஆண்டிற்கு மேற்பட்ட வேலைப்பாடுள்ள பொருள்கள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்குள் வருவன. தனிப்பட்டவர் அவற்றை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் கூடாது. பூசையறை விக்கிரகங்களைப் பற்றி இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

ஐந்தாவது, வைத்துக்கொள்பவற்றை உபயோகித்து வைத்துக்கொள்ள வேண்டும். பித்தளையில் சமைப்பதானால் நல்ல வெள்ளீயம் பூசுவித்துச் சமைக்க வேண்டும். பூச்சுப்போன பாத்திரத்தில் புளியோ மோரோ வைத்தால் களிம்பு ஏறும். பூச்சில் காரீயம் கலப்பவர் உளராதலால் பூசுவோரைத் தெரிந்து அமர்த்துக. வருஷத்திற்கொரு முறையேனும் சாமான் அறையைத் திறந்து, பேரன் பேத்தியரைக் கொண்டு துலக்குவித்து, ஒவ்வொன்றின் விலாசத்தையும் வாசிக்கச் செய்யுங்கள். பேரேட்டைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் தம் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பித்தளையில் படித்துவிடுவர்.

சபையோர்களே! சிலி மலையையும் சீனத்து ஆலையையும் நாம் ஆளப்போவதில்லை. லண்டன் விலை நம் சொற்கேட்டு ஏறாது, இறங்காது. நம் கைக்குள் இருப்பது நம் வீட்டுக் கணக்கும், நம் வீட்டுப் பெண்களின் உரிமையும் மாத்திரமே. அவ்விரண்டையும் நேராக வைத்துக்கொள்வது நம் கடமை. அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாமான் சிட்டையில் ஒரு பக்கமாவது எழுதிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.